ஜாவா அடிப்படை தெரியும்... அடுத்து என்ன? குற்றால அருவியை வச்சு ஒரு எளிய விளக்கம்!

சாஃப்ட்வேர் வேலைன்னா சென்னை, பெங்களூருதான் என்ற பேச்சை மாற்றிய ஊர், தென்காசி அருகே உள்ள மத்தளம்பாறை. இங்கு இயங்கும் ஜோஹோ நிறுவனத்தின் பல மென்பொருட்கள் ஜாவாவில் எழுதப்பட்டவை. சென்னையில் தொடங்கிய அதன் பயிற்சிப் பள்ளி, பிளஸ் 2 முடித்தவர்களுக்குக் கட்டணமின்றி உதவித்தொகையுடன் தென்காசியிலும் நடக்கிறது.

இஃப், லூப் எல்லாம் கற்றவர்கள் தடுமாறுவது அடுத்த படியில்தான். அதுதான் ஸ்டாண்டர்ட் கிளாஸ் லைப்ரரி.

அப்படின்னா என்ன?

ஜாவாவுடன் சேர்ந்தே வரும் ரெடிமேட் கிளாஸ்கள். எதுக்கு எதைப் பயன்படுத்துவது என்பதில்தான் விஷயமே இருக்கு.

அரேலிஸ்ட்: குற்றாலத்துக்கு வரும் வண்டி எண்களை, வந்த வரிசையிலேயே வைத்திருக்கும். ஒரே வண்டி இரண்டு முறை வந்தால் இரண்டும் பதிவாகும்.

ஹேஷ்செட்: அதே வண்டி எத்தனை முறை வந்தாலும் ஒருமுறைதான் இருக்கும்.

ஹேஷ்மேப்: 'ஐந்தருவி' என்று கேட்டால் 'குளிக்கத் தடை' என்று உடனே சொல்லும். வெள்ளம் குறைந்து 'அனுமதி' என்று மாற்றினால் பழைய பதில் போய்விடும்.

எங்கே சறுக்கும்?

ஹேஷ்மேப் நாம் போட்ட வரிசையைக் காப்பாற்றாது. அதற்கு லிங்க்டு ஹேஷ்மேப். அகர வரிசை வேண்டுமென்றால் ட்ரீமேப்.

இன்னொன்று, நாமே எழுதிய கிளாஸை ஹேஷ்மேப்பில் கீ-யாக வைத்தால் 'ஈக்வல்ஸ்', 'ஹேஷ்கோட்' இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். விட்டால், ஒரே விவரமுள்ள இரண்டு அருவிகளை ஜாவா வேறுவேறாகவே பார்க்கும். எரர் காட்டாது, விடை மட்டும் தப்பாக வரும்!

எப்படிப் பழகுவது?

முதலில் லூப் போட்டு நீங்களே தேடிப் பாருங்க. பிறகு அதையே ஹேஷ்மேப்பில் எழுதுங்க. வித்தியாசம் தானா புரியும்.