மடத்திலே ஓர் ஆசனம்

ஆசனம் என்னும் வடசொல்லுக்கு இருக்கை என்பது பொருள். எங்கள் பிராசீன பாடசாலையிலே முப்பது ஆண்டுகளாக இதனை மாணாக்கர்க்குச் சொல்லி வந்தவன் நான். ஆசனம் பயிலப் போய் இருக்கையையே இழந்த கதையை இங்கே எழுதுகின்றேன். அன்பர்கள் நகைப்பினும் குறையில்லை.

போப் ஐயரைப் பற்றிச் சில குறிப்புகள் எடுக்கும் பொருட்டுச் சென்ற ஆண்டு ஒக்ஸ்போர்ட் நகரிலே பெறாமகள் வீட்டில் மூன்று மாதம் தங்கினேன். திருவாசகத்தை 1900ஆம் ஆண்டிலே ஆங்கிலமாக்கித் தந்த அப்பெரியார் 1908இல் மறைந்து, அந்நகரத்துப் பழைய இடுகாடொன்றிலே துயில்கின்றார். அங்கு சென்று வணங்கியபின் சிறிது தூரம் நடந்தால் புனித அந்தோனியார் கல்லூரி வரும். அதன் நூலகத்திலே அனுமதி பெற்று நாடோறும் வாசித்தேன்.

அக்கல்லூரியின் பழைய கட்டடம் முன்னாளில் ஒரு கன்னியர் மடம். சமய சீர்திருத்தத்தின் பின்னர் இங்கிலாந்துத் திருச்சபையிலே முதன்முதலாகத் துறவு வாக்கு எடுத்த பெண்மணி எனப்படும் மரியன் ஹியூஸ் அம்மையார் 1860களில் அதனைக் கட்டுவித்தார். அவர் வாக்கெடுத்தது 1841இல் என்றால், தமக்கென ஒரு மடம் காண எத்தனை காலம் காத்திருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். செபக்கூடம் 1890களில் எழுந்தது. மடம் ஒழிந்தபின், ஏடனிலே வாணிகம் செய்து பெரும் பொருளீட்டிய பெஸ் என்னும் பிரெஞ்சுக்காரரின் கொடையால் 1950இல் அங்கே கல்லூரி தோன்றிற்று. கன்னியர் முழந்தாளிட்ட கூடத்திலே இன்று நூலடுக்குகள் நிற்கின்றன. கல்லூரி எந்த அந்தோனியாரின் பெயரைத் தாங்கியது என்பதும் சில காலம் தெளிவின்றியே இருந்ததாம். பாலைவனத்திலே தவமிருந்த எகிப்து நாட்டு அந்தோனியாரே என்று பின்னர்த் துணிந்தனர். கொச்சிக்கடையிலும் கச்சதீவிலும் நம்மவர் மெழுகுதிரி ஏற்றுவதோ பதுவை அந்தோனியாருக்கு.

இனி என் கதைக்கு வருகின்றேன். பெறாமகள் மாலைவேளைகளில் யோகாசன வகுப்புக்குச் செல்பவள். "பெரியப்பா, நீங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற விஷயந்தானே, ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றாள். திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தைப் பல முறை பாடஞ் சொன்னவன் என்ற இறுமாப்புடன் சென்றேன். கற்பித்தவர் ஓர் ஆங்கில மாது. கால்களை நீட்டி இருந்து, முன்னே குனிந்து, பெருவிரலைப் பற்றச் சொன்னார். அதுவே பச்சிமோத்தானாசனம். எனக்குப் பக்கத்திலே எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் வெகு எளிதாகப் பற்றிவிட்டார். என் கைகளோ முழங்காலைத் தாண்ட மறுத்தன. தமிழன், அதிலும் பண்டிதன், தோற்பதா? மூச்சை அடக்கி உந்தினேன்.

அன்றிரவு ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் படியிறங்க இயலவில்லை. இலற்றிக் அமிலம் தசையிலே தங்கியமையால் வந்த நோவு என்றார் மருமகன். நானும் பள்ளியிலே அப்படித்தான் கேட்டிருந்தேன். அது பழைய கொள்கையாம். அவ்வமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலே நீங்கிவிடும். பழகாத தசை பாரந் தாங்கியவாறே நீளும்போது அதன் நுண்ணிய நார்கள் சிதைவதும், அவற்றைச் செப்பனிட உடம்பு முயல்வதுமே இவ்வலிக்குக் காரணம் என இன்று கொள்கின்றனர். ஒருநாள் கழித்துத் தொடங்கி மூன்றாம் நாள்வரை மிகுந்து தானே தணியும். அவ்வாறே தணிந்தது.

ஆனால், வேறொரு வலி தணியாது நின்றது. நாம் இருக்கும்போது கதிரையிலே படிகின்ற எலும்பு உண்டன்றோ, தொடையின் பின்தசை அதனைப் பற்றும் இடத்திலே ஊமையாய் ஒரு குத்து. குனிந்து குனிந்தே அதனைப் போக்கலாம் என எண்ணி நாடோறும் இரகசியமாகக் குனிந்தேன். வலி வளர்ந்தது. நூலகத்துக் கதிரையிலே கால்மணி நேரம் இருப்பதற்கும் முடியவில்லை. இறுதியில் இயன்மருத்துவர் ஒருவர் சோதித்துப் பார்த்து, தசைநாண் நொந்திருக்கின்றது, இழுத்து நீட்டும்போது அது எலும்போடு நெரிபட்டு மேலும் நோகும், ஆகையால் குனிவதை உடனே நிறுத்துக என்றார். மெல்ல மெல்லப் பலமூட்டும் பயிற்சிகள் சில தந்தார். மாதக்கணக்காகும் என்றும் சொன்னார்.

அன்றுமுதல் நின்றுகொண்டு வாசித்தேன். உயர்ந்த அடுக்கொன்றின்மேல் நூலை விரித்து, பழைய செபக்கூடத்திலே நானும் ஒரு துறவிபோல் நின்றேன். அப்பொழுதுதான் பாடஞ் சொன்னவையெல்லாம் நினைவில் எழுந்தன. திருமூலர் பெயர் சுட்டும் பங்கயம், கோமுகம், சுகாதனம் முதலியவற்றுள் நான் குனிந்த ஆசனம் இல்லை. அது ஹடயோகப் பிரதீபிகையிலே உள்ளது. பதஞ்சலியார் ஆசனத்துக்கென ஒதுக்கியன மூன்றே சூத்திரங்கள். அசையாமையும் சுகமும் உடையதாக இருத்தலே அவர் வேண்டியது. அந்தச் 'சுகம்' என்னும் சொல்லுக்கு வகுப்பிலே எத்தனை முறை பதவுரை கூறியிருப்பேன்! சொல்லை அறிந்தேன், என் தொடை அதனை அறியவில்லை.

இன்னொன்றும் நினைவு வந்தது. அது வலியினும் கொடியது. பல ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, பங்கயாசனத்தை ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றான். குறும்பு செய்கின்றான் என்று எண்ணி, "சோதினைக்கு அது வராது, இரு" என அதட்டினேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் தலைகுனிந்து இருந்தான். அதன்பின் அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. எனக்குச் செய்யத் தெரியாதென்பதை மறைக்கவே நான் அதட்டினேன்.

இன்று அவன் வவுனியாவிலே ஆசிரியன். ஊர் திரும்புவதற்கு முதல்நாள் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அந்தச் செபக்கூடத்திலே நின்றபடியே, "அன்புள்ள தம்பி, நீர் அன்று கேட்ட கேள்விக்கு" என்று எழுதத் தொடங்கினேன். நூலகம் மூடும் நேரம் வந்துவிட்டது. மிகுதியை வீட்டிலே, தலையணை ஒன்றை இட்டு இருந்து எழுதி முடித்தேன்.