தூரம் சரி, நேரம் தவறு!

நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம்? எக்செல் தெரிந்தால் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பால் என் தங்கையின் நிச்சயதார்த்தத்தைத் தவறவிட்டேன்.

முதலில் தூரத்தைக் கணக்கிடும் முறையைப் பார்ப்போம். நியூயார்க் கென்னடி விமான நிலையத்தின் அட்சரேகை 40.64, தீர்க்கரேகை -73.78. சிங்கப்பூர் சாங்கி நிலையத்துக்கு 1.36, 103.99. மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் குறி அவசியம். இந்த நான்கு எண்களையும் எக்செல்லில் டைப் செய்து, ரேடியன்ஸ் ஃபங்ஷன் மூலம் ரேடியன்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

1. இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்.
2. இரு அட்சரேகைகளின் காஸ் மதிப்புகளையும், தீர்க்கரேகைகளின் வித்தியாசத்துக்கு உரிய காஸ் மதிப்பையும் பெருக்குங்கள்.
3. இரண்டு விடைகளையும் கூட்டி, ஏகாஸ் ஃபங்ஷனில் கொடுங்கள். வருவதை பூமியின் ஆரமான 6,371 ஆல் பெருக்குங்கள்.

விடை சுமார் 15,340 கி.மீ. உருண்டையான பூமியின் மேல் இதுதான் மிகக் குறுகிய தூரம். சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தைப் பார்த்தால் நம்ப முடியாது; இந்தப் பாதை வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது!

இதுவரை சரி. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தேன். 17 மணி நேரம் வந்தது. திங்கள் இரவு 10.30க்குப் புறப்பாடு. கோடைக்கால நேர வித்தியாசமான 12 மணியையும் கூட்டினால், புதன் அதிகாலை 3.30க்கு சிங்கப்பூர். நியூயார்க் டிக்கெட்டை அலுவலகம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்குள் கட்டணம் ஏறிவிடுமே என்று, புதன் காலை 6.30 சென்னை விமானத்துக்குத் தனி டிக்கெட் வாங்கிவிட்டேன்.

அலுவலக டிக்கெட் கைக்கு வந்தபோது அதில் இருந்த நேரம் காலை 5.30! தனித்தனி டிக்கெட் என்பதால் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் போதாது. வாங்கிய டிக்கெட்டுக்குப் பணமும் திரும்பவில்லை. பகல் விமானத்தில் போய் வீடு சேர்ந்தபோது, தட்டு மாற்றி, விருந்தும் முடிந்திருந்தது.

அந்த 2 மணி நேரம் எங்கே போனது? விமானம் குறுகிய பாதையிலேயே பறப்பதில்லை. சாதகமான காற்றைத் தேடியும், பறக்க முடியாத வான்வெளிகளைத் தவிர்த்தும் சுற்றிச் செல்கிறது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரும்போதும் பெரும்பாலும் துருவத்தை விட்டுவிட்டு, பசிபிக் கடலைத்தான் கடக்கிறது. இவை தவிர ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரம், மேலேறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாம் உண்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். குளிர்காலத்தில் அமெரிக்கக் கடிகாரம் மாறுவதால் நேர வித்தியாசம் 13 மணி ஆகிவிடும்.

ஆகவே தூரத்துக்கு எக்செல்லை நம்புங்கள். நேரத்துக்கு விமான கால அட்டவணையைப் பாருங்கள். முடிந்தவரை முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். தங்கையின் கல்யாணத்துக்கு நான் அப்படித்தான் வாங்கினேன்; இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன்.