கட்டத்துக்குள்ள எத்தனை அடி?

ஆன்லைனில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறவங்களுக்கு இந்தச் சண்டை நல்லாத் தெரியும். "எதிரி 40 அடியிலதான் இருக்கான், அடிக்கலாம்"னு ஒருத்தர் சொல்வார். "இல்லப்பா, 50 அடி"ன்னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் பார்ப்பது ஒரே மேப். ரெண்டு பேர் சொல்வதும் சரியா இருக்கலாம்! எப்படின்னு பார்ப்போம்.

ரோல்20, ஃபவுண்ட்ரி மாதிரியான விர்ச்சுவல் டேபிள்டாப் மென்பொருள்களில் மேப் மேல சதுரக் கட்டங்கள் இருக்கும். வழக்கமாக ஒரு கட்டம் 5 அடி. நேராகப் போனால் பிரச்சினையே இல்லை. மூலைவிட்டமாகப் போகும்போதுதான் கேள்வி வருது. உங்க டோக்கனிலிருந்து எதிரி கிழக்கே 6 கட்டம், வடக்கே 8 கட்டம் தள்ளி நிற்கிறான்னு வெச்சுக்கோங்க.

யூக்ளிட் முறை: நம்ம பித்தாகரஸ்தான். 36 + 64 = 100, வர்க்கமூலம் 10. அதாவது 50 அடி.

செபிஷேவ் முறை: செஸ் ராஜா மாதிரி. குறுக்கே போனாலும் ஒரு நகர்வுக்கு ஒரு கட்டம்தான். பெரிய எண்ணை மட்டும் எடுங்க: 8 கட்டம், 40 அடி.

மன்ஹாட்டன் முறை: குறுக்கே போகவே கூடாது, தெருத்தெருவா நடக்கணும். 6 + 8 = 14 கட்டம், 70 அடி.

மாற்று முறை: முதல் மூலைவிட்டம் 5 அடி, அடுத்தது 10 அடி, மறுபடி 5. ஆறு மூலைவிட்டத்துக்கு 45 அடி, மிச்சம் இருக்கும் 2 நேர்க்கட்டத்துக்கு 10 அடி. மொத்தம் 55. யூக்ளிட் விடைக்குப் பக்கத்துல வந்துடுது, வர்க்கமூலம் போட வேண்டியதும் இல்லை.

ஒரே இடம், நாலு விடை. இப்போ பரப்புக்கு வருவோம். ஃபயர்பால் மந்திரத்தின் ஆரம் 20 அடி, அதாவது 4 கட்டம். நாலு கட்டம் சந்திக்கும் புள்ளியில் அதை வெடிக்க வைங்க. கட்டத்தின் மையம் ஆரத்துக்குள் இருந்தால் அந்தக் கட்டமும் சேரும்னு கணக்கு. யூக்ளிட் முறையில் 52 கட்டம் எரியும். செபிஷேவ் முறையில் 'வட்டம்' 8-க்கு 8 சதுரமாகிடும், 64 கட்டம். மன்ஹாட்டனில் வைர வடிவம், வெறும் 40. உங்க நண்பரோட டோக்கன் ஓரத்தில் நின்றால், அவர் பிழைப்பாரா இல்லையா என்பதை செட்டிங்ஸில் இருக்கும் ஒரு ஆப்ஷன்தான் முடிவு பண்ணுது.

இது விளையாட்டோட நிற்காது. ரோபோவுக்கு ஏ-ஸ்டார் அல்காரிதத்தில் வழி தேடும்போதும் இதே தேர்வுதான். எட்டுத் திசையிலும் ஒரே செலவில் நகரும் ரோபோவுக்கு மன்ஹாட்டன் தூரத்தைக் கொடுத்தால், அது தூரத்தை அதிகமாக மதிப்பிடும். குறுகிய வழி கண்ணில் படாமலே போகலாம்.

அடுத்த சிக்கல் உயரம். போடிக்கு மேல இருக்கும் மலைச்சரிவையே மேப்பாக எடுத்துக்கோங்க. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்தன. அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் சுமார் 5 கி.மீ. இறங்கின. பிறகு வண்டியில் சுமார் 15 கி.மீ. பயணம் செய்து போடிக்கு வந்தன. ரோப்வே போனது கிட்டத்தட்ட நேர்கோடு. வளைஞ்சு வளைஞ்சு இறங்கும் நடைபாதை அதைவிட நீளம். மேப்பில் ரூலர் வைத்து அளந்தால் வருவதோ ரெண்டையும்விடக் குறைவு. ஏன்னா மேப்பில் தெரிவது கிடைத்தளத் தூரம் மட்டும்தான்.

எவ்வளவு குறையும்? கொசைன் போடுங்க. 30 டிகிரி சரிவில் 100 மீட்டர் நடந்தால் மேப்பில் 87 மீட்டர்தான். 45 டிகிரியில் 71. நில அளவையிலும் இதேதான்: கணக்கில் சேர்வது கிடைத்தளப் பரப்பு. 30 டிகிரி சரிவில் மேப்படி ஒரு ஏக்கர் ஏலத்தோட்டம் இருந்தால், அதில் வேலை செய்யும் தொழிலாளி நடப்பது சுமார் 1.15 ஏக்கர் மண் மேல.

தீயும் மலையில வட்டமாகப் பரவாது. கீழே எரியும் நெருப்பின் வெப்பம் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைப்பதால், அது மேல்நோக்கி வேகமாக ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது காட்டுத்தீ ஆய்வில் புழங்கும் தோராயக் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். காட்டுத்தீயை மேப்பில் வரையும் யாரும், விளையாட்டுக்கு வரைந்தாலும் வேலைக்கு வரைந்தாலும், வட்ட டெம்ப்ளேட்டை நம்பிடக் கூடாது.

அதனால கேம் மாஸ்டரா உட்காரும் முன்னாடி மூணு விஷயத்தை எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. மூலைவிட்டத்துக்கு எந்த விதி? டெம்ப்ளேட் கட்டத்தின் எந்தப் பகுதியைத் தொட்டால் கணக்கு? உயர வித்தியாசத்தை எப்படிச் சேர்ப்பது? ஆட்டத்துக்கு நடுவில் முடிவு பண்ணினா, யாருக்குச் சாதகமா பண்ணினீங்கன்னு ஒரு சந்தேகம் மிஞ்சும். முன்னாடியே பேசிட்டா, தோத்தவரும் அடுத்த வாரம் ஆட வருவார்.