பேர்சனலும் பேர்சனெலும்

முஸ்லிம் விவாகச் சட்டம் தொடர்பான ஒரு மகஜரின் ஆங்கிலப் பிரதியை அண்மையில் சரிபார்க்கத் தந்தார்கள். தலைப்பிலேயே 'முஸ்லிம் பேர்சனெல் லோ' என்று இருந்தது. சுட்டிக்காட்டினேன். "ஒரு எழுத்துத்தானே நானா, வாசிக்கிறவங்களுக்கு விளங்கும்தானே" என்றார் கொண்டுவந்த தம்பி.

விளங்கும்தான், ஆனால் வேறொன்றாக விளங்கும். அத்தலைப்பின் நேர்ப்பொருள் 'முஸ்லிம் ஊழியர் சட்டம்' என்பதாகும்.

'பேர்சனல்' ஒரு பெயரடை. ஓர் ஆளுக்கு உரிய, ஆளைச் சார்ந்த என்பது பொருள். பேர்சனல் கடிதம், பேர்சனல் கருத்து என்போம். 'பேர்சனெல்' பெயர்ச்சொல். ஒரு நிறுவனத்திலோ படையிலோ பணிபுரிவோர் அனைவரையும் சேர்த்துக் குறிக்கும். நமது அலுவலகத் தமிழில் 'ஆளணி' என்பது இதுவே. உச்சரிப்பிலும் பேதமுண்டு: முதலாவதில் அழுத்தம் முதல் அசையில்; மற்றதில் கடைசி அசையில். எழுதும்போது ஒரு குறிப்பை மனதில் வைக்கலாம்: பேர்சனெல் என்றால் பல பேர், ஆகவே அதில் 'என்' எழுத்தும் இரண்டு.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. இலத்தீனில் 'பெர்சோனா' என்பது முதலில் நடிகரின் முகமூடியையும், பின்னர் பாத்திரத்தையும், ஆளையும் குறித்தது. 'பேர்சனெல்' பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. படையின் தளபாடங்களிலிருந்து ஆட்களைப் பிரித்துச் சொல்ல அச்சொல் உதவிற்று.

சட்டத்தில் 'பேர்சனல்' என்பதற்கு இன்னும் நுட்பமான பொருள் உண்டு. அந்தரங்கமானது என்பதல்ல, இடத்தைப் பற்றாமல் ஆளைப் பற்றி நிற்பது என்பதே அது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காத்தான்குடியில் வாழும் முஸ்லிமுக்கும் பேருவளையில் வாழும் முஸ்லிமுக்கும் ஒன்றேதான். ஊர் மாறினால் சட்டம் மாறாது. தேசவழமையோ ஆளோடு நிலத்தையும் பற்றியது. வட மாகாணத்துக் காணிகளுக்கும் அது செல்லும்.

தமிழிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'முஸ்லிம் தனியார் சட்டம்' என்கிறோம். 'தனியார் பஸ்', 'தனியார் வைத்தியசாலை' என்று கேட்டுப் பழகிய காதுக்கு, அரசோடு சம்பந்தமில்லாத ஏதோ நமது சொந்த ஏற்பாடுபோல இது தொனிக்கும். அப்படியல்ல. பாராளுமன்றம் இயற்றிய, காதி நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தும் நாட்டுச் சட்டம் அது. திருத்தம் வேண்டுவோரும் வேண்டாம் என்போரும் முதலில் இதை மனங்கொள்ள வேண்டும். சொல் தடுமாறினால் வாதமும் தடுமாறும்.

ஒரு எழுத்துத்தான். ஆனால் நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையே அது மாற்றிவிடுகிறது.