தமனி இரத்த வாயு அறிக்கையை வாசித்தல்: செவிலியர் நோக்கில் ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: அமில-காரச் சமநிலை, இரத்த வாயுப் பகுப்பாய்வு, ஈடுசெய்தல், செவிலியம்

முன்னுரை

1952ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்டம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளர்களின் இரத்தத்தில் மொத்தக் கார்பன்-டை-ஆக்சைடு மிகுந்து காணப்பட்டது. அதனைக் காரணம் அறியாததொரு கார மிகை என்றே மருத்துவர்கள் முதலில் கருதினர். மூச்சு போதாமையால் அவ்வாயு உடலில் தேங்கியுள்ளது என மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் வாதிட்டார். பவுல் ஆஸ்ட்ரப் பிஎச் மதிப்பை நேரடியாக அளந்தபோது இரத்தம் அமிலத்தன்மை மிக்கதாக இருந்தது. மூச்சுக்குழலில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையால் பையை அழுத்திக் காற்றூட்டினர். இறப்பு பெரிதும் குறைந்தது.

ஓர் எண்ணைத் தனித்து வாசித்ததன் விளைவே அப்பிழை. மூன்று எண்களும் உடனுக்குடன் கிடைக்கும் இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அது வேறு வடிவில் நிகழக்கூடும்.

விகிதமும் ஈடுசெய்தலும்

பிஎச் மதிப்பு 7.35–7.45, கார்பன்-டை-ஆக்சைடின் பகுதி அழுத்தம் 35–45 மி.மீ. பாதரசம், பைகார்பனேட் லிட்டருக்கு 22–26 மில்லிமோல் என்பன இயல்பு வரம்புகள். மாணவியர் இவற்றை மனப்பாடமாகச் சொல்வர். ஆயின் பிஎச் தனித்து நிற்கும் அளவன்று. ஏனைய இரண்டின் விகிதமே அதனைத் தீர்மானிக்கிறது. கார்பன்-டை-ஆக்சைடு அழுத்தத்தை 24ஆல் பெருக்கிப் பைகார்பனேட்டால் வகுத்தால் ஐதரசன் அயனியின் செறிவு நானோமோலில் கிடைக்கும். இயல்பு நிலையில் அது 40. நுரையீரல் இவ்விகிதத்தைச் சில நிமிடங்களில் திருத்தத் தொடங்கும். சிறுநீரகத்திற்கோ நாள்கள் ஆகும்.

நீரிழிவால் கீட்டோ அமில மிகை உற்ற ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சேர்க்கையின்போது பைகார்பனேட் 8, கார்பன்-டை-ஆக்சைடு 20, பிஎச் 7.22. வளர்சிதை மாற்ற அமில மிகையில் எதிர்பார்க்கத்தக்க கார்பன்-டை-ஆக்சைடு அழுத்தம், பைகார்பனேட்டின் ஒன்றரை மடங்குடன் 8ஐக் கூட்டினால் வருவது. இரண்டு கூடலாம், குறையலாம். இவருக்கு அது 20. ஆழ்ந்து, விரைந்து மூச்செறிந்து நுரையீரல் தன் பணியைச் செம்மையாகச் செய்கிறது. சில மணி நேரம் கழித்துப் பைகார்பனேட் மாறாதிருக்க, கார்பன்-டை-ஆக்சைடு 30 ஆகிறது. மூச்சும் தணிந்து காணப்படுகிறது. இயல்பை நெருங்கும் எண், அமைதியான நோயாளர்! உண்மையில் ஐதரசன் அயனி 60இலிருந்து 90ஆக உயர்ந்து, பிஎச் 7.05க்கு இறங்கிவிட்டது. தணிந்தது நோயன்று, மூச்சுத் தசைகளின் வலிமை.

கடும் ஆஸ்துமாவில் இம்மயக்கம் இன்னும் கொடியது. மூச்சு விரைவதால் தொடக்கத்தில் 30 அளவில் இருந்த அழுத்தம் 40க்கு வரும்போது, மூன்று எண்களும் இயல்பு வரம்பினுள் அமையும். கருவி எச்சரிக்கைக் குறி எதனையும் அச்சிடாது. உயிருக்கு ஆபத்தான நிலையின் அடையாளமாக அதனைக் கொள்ள வேண்டும். முழு வாக்கியம் பேச இயலாதவர் உறக்கமயக்கத்தில் ஆழ்வதை அருகிருந்து காண்பவர் பெரும்பாலும் செவிலியரே. ஆகவே மருத்துவரை அழைக்கும் முடிவை அறிக்கையின் குறிகளுக்கு விட்டுவிடுதல் தகாது. நம் பயிற்சி நூல்கள் அம்புக்குறி விதிகளுக்குத் தரும் இடத்தில் ஒரு பங்கையேனும் இதற்குத் தருதல் வேண்டும்.

மாதிரி எடுத்தல்

வாசிப்பின் பிழைகள் சில ஊசிக்குழலிலேயே தொடங்குகின்றன. காற்றுக்குமிழ் தங்கினால் கார்பன்-டை-ஆக்சைடு குறைந்து காட்டும். மாதிரியை நெடுநேரம் வைத்திருந்தால் இரத்த அணுக்கள் ஆக்சிஜனை நுகர்ந்துகொண்டே இருக்கும், பிஎச்சும் இறங்கும். எனவே குமிழை உடனே நீக்கி, அரை மணி நேரத்திற்குள் பகுப்பாய்வு செய்தல் நன்று.

நோயாளர் பெறும் ஆக்சிஜன் விழுக்காட்டைப் படிவத்தில் குறிக்காமல் விடுவதும் உண்டு. ஆக்சிஜன் அழுத்தம் 80 என்பது அறைக்காற்றில் ஏறத்தாழ இயல்பானது. 60 விழுக்காடு ஆக்சிஜன் பெறுபவரிடத்தில் அதே 80, நுரையீரலின் வாயுப் பரிமாற்றம் கடுமையாகக் குலைந்துள்ளதைக் காட்டும்.