‘கிராஸ் நாய்தானே, அதுக்கு என்ன வரப்போகுது?’ - சின்ன நாய் வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு!

எங்கள் வீட்டு ஜிம்மி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. எடை 7 கிலோ, அம்மா ‘பாமரேனியன்’, அப்பா தெரு நாய். “வெயிலுக்கு அப்படித்தான் இருப்பான், தயிர்சாதம் வை” என்றார் அம்மா. மூன்றாம் நாள் காலையில் தரையில் ரத்தத் துளிகள். மூக்கிலிருந்து வடிந்திருந்தது.

டாக்டர் அவன் காதை மடக்கிக் காட்டினார். உள்ளே மிளகு மிளகாக உண்ணிகள். கால் விரல் இடுக்கிலும் இருந்தன. “உண்ணிக்கு மருந்து ஏதும் போட்டீங்களா?” என்று கேட்டார். “கிராஸ் தானே டாக்டர், எதிர்ப்பு சக்தி இருக்கும்னு நினைச்சோம்” என்றேன். “உண்ணி ப்ரீடு பார்த்துக் கடிக்காதுங்க” என்றார் அவர்.

கலப்பின நாய்க்கு நோய் வராதா?

பாதி உண்மை. ஒரே இனத்துக்குள் திரும்பத் திரும்ப இனப்பெருக்கம் செய்யும்போது வரும் சில பரம்பரைக் கோளாறுகள் கலப்பினத்தில் குறைவு. ஆனால் உண்ணிக் காய்ச்சல், பார்வோ, ரேபிஸ் எல்லாம் தொற்றுநோய்கள். அவற்றுக்கு எந்த நாயும் ஒன்றுதான்.

இன்னொரு விஷயம். நாம் ‘பாமரேனியன்’ என்று சொல்லும் நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அதன் அடர்த்தியான ரோமம் குட்டிகளுக்கும் வந்துவிட்டால், உள்ளே ஒட்டியிருக்கும் உண்ணி வெளியே தெரியாது.

உண்ணிக் காய்ச்சல் என்ன செய்யும்?

உண்ணி ரத்தம் உறிஞ்சும்போது ‘எர்லிக்கியா’ என்ற பாக்டீரியா, ‘பேபிசியா’ என்ற ஒட்டுண்ணி போன்றவை நாயின் உடலுக்குள் போகலாம். எர்லிக்கியா வந்தால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். மூக்கில் ரத்தம் வடிவது அதனால்தான். பேபிசியா சிவப்பணுக்களை அழிக்கும்.

சாப்பிட மறுப்பது, சோர்வு, காய்ச்சல், ஈறு வெளுத்துப்போவது, சிறுநீர் அடர் நிறத்தில் போவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வழக்கமான இளஞ்சிவப்பு போய் வெளிறியிருந்தால் காத்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். எர்லிக்கியாவுக்கு மாத்திரை சுமார் 4 வாரம் தொடர வேண்டும். நாய் தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

வீட்டையும் கவனிக்கணும்!

நாய் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான். பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கட்டில் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாய்க்கு மருந்து போடும்போதே அது படுக்கும் துணி, மூலை முடுக்கு எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். உண்ணியை விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும்.

சொட்டு மருந்து, காலர், மாத்திரை எதுவானாலும் நாயின் எடைக்கு ஏற்றதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பெரிய நாய்க்கான மருந்தில் பாதியைப் போடும் கணக்கெல்லாம் வேண்டாம்.

சின்ன உடம்பு, சின்ன அளவே விஷம்

காய்ச்சல் என்றதும் நம் வீட்டு பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. 60, 70 கிலோ மனிதருக்கான மாத்திரை அது. 7 கிலோ நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் பாதித்துவிடும். ஐபுபுரூஃபனும் அப்படித்தான், அது வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். சாம்பாரில் இருக்கும் வெங்காயம், பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை, குழந்தை கொடுக்கும் சாக்லேட் எல்லாமே நாய்க்கு நஞ்சு. பெரிய நாய் தாங்கிக்கொள்ளும் அளவுகூட சின்ன நாயை ஆபத்தில் தள்ளலாம். பிரியாணி எலும்பும் வேண்டாம். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

தடுப்பூசி, உரிமம்

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டம்பர் தடுப்பூசி தொடங்கி, சில வார இடைவெளியில் தொடர வேண்டும். ரேபிஸ் ஊசி 3 மாத வயதில். பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் ஆண்டுதோறும். ‘வீட்டைவிட்டு வெளியே போகாத நாய்’ என்றாலும் விலக்கு இல்லை. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். அரசு கால்நடை மருத்துவமனைகளிலும், சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குறைந்த செலவில் சிகிச்சை கிடைக்கும்.

ஜிம்மி பிழைத்துவிட்டான். இப்போது தினமும் வாக்கிங் முடிந்து வந்ததும் காது, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரல் இடுக்கு என நான்கு இடத்திலும் கைவைத்துப் பார்க்கிறோம். 2 நிமிஷ வேலை. அம்மாதான் முதல் ஆளாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருகிறார்.