பனியன் ஊரில் ஒரு போர்க்கப்பல்

கடலே இல்லாத திருப்பூரில் ஒருவன் கப்பல் செய்கிறான் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துவிட்டே படியுங்கள்.

நான் செய்வது 'டிரிங்கோமலி' என்ற பாய்மரப் போர்க்கப்பலின் மர மாதிரி. பெயர் நம்ம திருகோணமலைதான். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிக்காரர் பம்பாயில் மலபார் தேக்கால் கட்டினார். 1817-ல் தண்ணீரில் இறங்கியது, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதன் வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' கப்பலை 1812-ல் அமெரிக்கர்கள் பிடித்துவிட, மறுபடி வரைபடம் அனுப்ப வேண்டியதாயிற்று. டிராயிங் ஷீட்டை அலட்சியமாகச் சுருட்டுகிறவர்கள் கவனிக்க!

பீரங்கித் தளத்தின் நீளம் ஏறக்குறைய 46 மீட்டர். நூற்றில் ஒரு பங்கு என்றால் 46 செ.மீ. வெளிநாட்டு 'கிட்' வாங்க நம்மால் ஆகாது. நிட்டிங் மெஷின் வரும் பைன் மரப் பெட்டியின் பலகையை ஆசாரி பட்டறையில் மெல்லிய பட்டிகளாக அறுத்து வாங்கினேன். அடிமரத்தில் பிளைவுட் குறுக்குச் சட்டங்களை நிறுத்தி, பட்டிகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து ஒட்டவேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டணும். ஒரே பக்கமாகப் போனால் அடிமரம் முறுக்கிக்கொள்ளும். முனைக்குப் போகப்போகச் சுற்றளவு குறைவதால் பட்டியையும் ஒடுக்கிச் சீவணும். பிறகு உப்புத்தாள், வார்னிஷ்.

"ஏங் கண்ணு, பீஸ் கட்டுனது படகு செய்யறதுக்கா?" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான், அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் கயிறு கட்டும் கட்டம் வந்ததும் அவரிடம்தான் போனேன். இருபது வருஷமாக நிட்டிங் ஓட்டுகிறவர். ஒரு இழையை விரலில் உருட்டிப் பார்த்து, "பனியன் நூலுக்கு முறுக்கு கம்மி. முறுக்கு ஏறுனா துணி கோணிக்கும். நீ எதிர்ப்பக்கமா முறுக்கு" என்றார்.

விஷயம் அதுதான். 30-ம் நம்பர் நூல் மூன்றிழையைச் சேர்த்து, நூலின் முறுக்குக்கு எதிராக முறுக்கினால் ஒரு புரி. மூன்று புரிகளைச் சேர்த்து மறுபடி திசை மாற்றி முறுக்கினால் கயிறு. ஒன்று பிரியப் பார்க்கும்போது இன்னொன்று இறுக்கிப் பிடிக்கும். ஒன்பது இழைக்குச் சுமார் அரை மி.மீ. தடிமன் வரும், அசல் கப்பலில் அது 5 செ.மீ. வடம்! பிசிறு போகச் சின்னச் சுடர் மேலே சட்டென்று இழுத்து (மில்லில் இதற்கு 'கேஸிங்' என்று பேர்), தேன்மெழுகு தடவணும். மரத்தைத் தாங்கும் கயிறுகளுக்கு அந்தக் காலத்தில் தார் பூசுவார்கள், அதனால் கறுப்பு. பாயை இழுக்கும் கயிறுகளுக்கு டீ டிகாஷனே போதும்.

முன்மரம் முடிந்தது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் அப்பா ஒவ்வொரு கயிறாகச் சுண்டிப் பார்க்கிறார். நடுமரமும் பின்மரமும் பாக்கி. கோன் அடியில் மிஞ்சிய, சாயம் போடாத 30-ம் நம்பர் நூல் யாரிடமாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள், கிளாஸில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

(இரண்டாமாண்டு, மெக்கானிக்கல்)